செவிக்கு எட்டாத பாடம் கண்ணுக்கு எட்டட்டும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, கண்டரமாணிக்கம்)

திருக்குறளில் 40ஆம் அதிகாரம் 'கல்வி'. 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. நூலைப் படித்துப் பெறும் அறிவுக்கு ஓர் அதிகாரம். கற்றவர் சொல்லக் கேட்டுப் பெறும் அறிவுக்கு ஓர் அதிகாரம். நம் நாட்டில் பன்னெடுங்காலமாகக் கல்வி என்பது குருவின் வாய்மொழியைக் கேட்பதாகவே இருந்து வந்திருக்கிறது. இன்றைய வகுப்பறையிலும் ஆசிரியை சொல்ல நாம் கேட்கிறோம், கேட்டதைக் குறித்துக்கொள்கிறோம்.

இக்காலத்தில் குருவின் வாய்மொழி கணினியிலும் கைப்பேசியிலும் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு பேராசிரியர் நடத்தும் பாடத்தைக் கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. இது நம் பாட்டிமார் கனவிலும் கண்டிராத வாய்ப்பு. ஆனால் 'கேட்கலாம்' என்று சொல்கிறோமே, கேட்க இயலாதவர் என்ன செய்வார்? பல்கலைக்கழகப் பாடம் அவருக்கும் எட்ட வழி உண்டா? உண்டு என்பதையும், அந்த வழியில் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்துவரி என்பது யாது?

வேற்றுமொழித் திரைப்படம் பார்க்கும்போது திரையின் அடியில் எழுத்துகள் ஓடுவதைக் கண்டிருப்போம். அதைச் சப்டைட்டில் என்கிறோம். அது மொழி தெரியாதவருக்காக எழுதப்படுவது. காது கேளாதவருக்காக எழுதப்படுவதைக் கேப்ஷன் என்பர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறுபாடு உண்டு. கேப்ஷனில் பேச்சு மட்டுமன்றி, 'மணி ஒலிக்கிறது', 'மாணவர் சிரிக்கின்றனர்', 'பின்வரிசையிலிருந்து ஒருவர் வினவுகிறார்' என்று ஒலிகளும் குறிக்கப்படும். காதால் அறிய வேண்டியவை அனைத்தும் கண்ணால் அறியும்படி வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இக்கட்டுரையில் இதனை 'எழுத்துவரி' என்றே குறிப்பிடுகிறேன்.

எழுத்துவரி இருவகைப்படும். படத்தோடு ஒட்டியே பதிக்கப்பட்டு, எப்போதும் தெரிவது ஒருவகை. வேண்டும்போது தோன்றச் செய்து, வேண்டாதபோது மறைத்துக்கொள்ளக் கூடியது மற்றொரு வகை. பாடங்களுக்குப் பின்னதே ஏற்றது. இவையன்றி, பாடம் முழுவதையும் எழுதித் தனி ஏடாகத் தருவதும் உண்டு. அதை உரைப்படி எனலாம். தேர்வுக்குப் படிக்க உரைப்படி பெரிதும் உதவும்.

சிறிது வரலாறு

பேசாப் படக் காலத்தில் காட்சிக்குக் காட்சி நடுவே எழுத்துப் பலகை காட்டுவார்கள். காது கேட்பவரும் கேளாதவரும் ஒன்றாக அமர்ந்து படம் பார்த்தனர். பேசும் படம் வந்தபின் எழுத்துப் பலகை போயிற்று. உலகமே வியந்து கொண்டாடிய அந்த முன்னேற்றம் காது கேளாதவருக்குப் பேரிழப்பாக முடிந்தது. எமர்சன் ரோமெரோ என்ற காது கேளாத நடிகர் 1947இல் பேசும் படச் சுருள்களை வாங்கி, இடையிடையே எழுத்துக் காட்சிகளை வெட்டி ஒட்டிக் காது கேளாதோர் சங்கங்களில் திரையிடச் செய்தார். அதே 1947இல்தான் நம் காரைக்குடியில் ஏ.வி.எம். ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட 'நாம் இருவர்' வெளிவந்தது. பாட்டுக்குப் பேர்போன படம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பாட்டும் பேச்சும் எட்டாமல் வெறும் வாயசைவை மட்டும் பார்த்தவர்கள் அன்று எத்தனை பேரோ!

அமெரிக்காவில் 1972இல் ஜூலியா சைல்டு என்பவரின் சமையல் நிகழ்ச்சி எழுத்துவரியோடு ஒளிபரப்பானது. 1980 மார்ச்சில், வேண்டும்போது மட்டும் தோன்றும் எழுத்துவரி அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முறையாகத் தொடங்கியது. 2009இல் யூடியூப் நிறுவனம் பேச்சைக் கேட்டு இயந்திரமே எழுத்துவரி இடும் முறையை அறிமுகப்படுத்தியது. அதனை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாத பொறியாளர். தமக்கும் தம்மைப் போன்றோருக்கும் எது தேவை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நம் நாட்டின் பெரிய பள்ளிக்கூடம்

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து மத்திய அரசின் நிதியுதவியுடன் 'என்.பி.டெல்' என்ற திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இடம் கிடைக்காதவருக்கும் அங்குள்ள பாடம் கிடைக்க வேண்டும் என்பதே இத்திட்டத்தின் கருத்து. பேராசிரியர்களின் பாடங்களைப் படம் பிடித்து எல்லோரும் காணும்படி வெளியிட்டார்கள். 2014 முதல், பாடத்தை முடித்துத் தேர்வு எழுதுவோர்க்குச் சான்றிதழும் வழங்குகிறார்கள். 2017 ஜூலை 9ஆம் நாள் 'ஸ்வயம்' என்னும் இணையக் கல்வித் தளத்தை மத்திய அரசு தொடங்கி வைத்தது. என்.பி.டெல் பாடங்கள் அதிலும் இடம்பெறுகின்றன.

இத்திட்டத்தில் நான் பெரிதும் போற்றுவது ஒன்று உண்டு. பாடத்தைப் படம் பிடித்ததோடு நில்லாமல், பேசியதை எழுத்தாக்கி உரைப்படியும் எழுத்துவரியும் தருகிறார்கள். பல பாடங்களின் உரைப்படி தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கவும் பட்டுள்ளது. ஒரு மணி நேரப் பாடத்தில் எத்தனை சொற்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்திற்கு 150 சொற்கள் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு 9,000 சொற்கள்! முப்பது மணிப் பாடம் ஒன்றுக்கு 2,70,000 சொற்கள். அத்தனையும் ஒருவர் கேட்டு, எழுதி, பிழை பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பைச் செய்தவர்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எழுத்துவரியால் யாருக்குப் பயன்?

முதலில், காது கேளாதோர்க்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் செவித்திறன் குறைந்தோர் 50 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள். "உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா?" என்று சிலர் வினவுவர். ஒரு கண்ணாடியின் முன் நின்று 'பணம்' என்றும் 'மணம்' என்றும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரேபோல்தான் மூடித் திறக்கும். 'பாலை', 'மாலை' என்பவையும் அப்படியே. மேலும், கரும்பலகையில் எழுதும்போது ஆசிரியர் நமக்கு முதுகு காட்டுவார். அப்போது உதடு எங்கே தெரியும்?

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோர்க்கென பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் தனியே நடைபெறுகின்றன. அடையாற்றில் தூய லூயிஸ் காது கேளாதோர் கல்லூரி உள்ளது. இவை அரும்பணி ஆற்றுகின்றன. ஆனால் ஒருத்திக்கு இயற்பியலிலோ வரலாற்றிலோ கட்டடப் பொறியியலிலோ ஆர்வம் இருந்தால்? காது கேட்பவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்துதான் அவள் படிக்க வேண்டும். அங்கே எழுத்துவரி இல்லாத பாடம் அவளுக்குப் பூட்டிய பெட்டிதான்.

எங்கள் பள்ளியில் எனக்கு மேல் வகுப்பில் படிக்கும் ஒரு சகோதரி காதுக்கருவி அணிபவர். பத்தாம் வகுப்பு முடித்ததும், "காது கேக்காத பிள்ளைக்கு எதுக்கு சயின்ஸ் குரூப்பு?" என்று உறவினர் பலரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அறிவியல் பிரிவிலேயே சேர்ந்தார். மாலையில் எழுத்துவரியுள்ள இயற்பியல் பாடங்களைப் பார்த்து, மறுநாள் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை முன்னதாகவே அறிந்து வருகிறார். எழுத்துவரி இல்லாத பாடமாக இருந்தால், "இது எனக்கு இல்ல" என்று கூறி அடுத்ததைத் தேடுகிறார். அந்த மூன்று சொற்களை அவர் சொல்லும்போது முகத்தில் வருத்தம்கூட இராது; பழகிவிட்டது. அவ்வளவு எளிதாக அவர் அதைச் சொல்வதே எனக்கு மனத்தை உறுத்துகிறது. நாடெங்கும் உள்ள பாடங்களில் எத்தனை பாடங்களை இப்படி ஒருவர் ஒதுக்கிக்கொண்டே போவது?

இரண்டாவதாக, தமிழ்வழியில் படித்தவர்க்கு. எங்கள் தெருவில் ஓர் அக்கா பொறியியல் படிக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அவரிடம் எழுத்துவரியைப் பற்றிக் கேட்டேன். "வாத்தியார் பேசுற வேகத்துக்கு நம்ம காது ஓடாது பாப்பா. எழுத்துல வந்தா நிறுத்தி நிறுத்திப் படிச்சுக்குவேன். தெரியாத வார்த்தைய அகராதியில பாத்துக்குவேன். காதுல விழுந்தது மட்டும்னா அதுக்கு என்ன ஸ்பெல்லிங்குன்னே தெரியாதுல்ல?" என்றார். காது நன்றாகக் கேட்பவருக்கும் மொழி கேட்காமல் போகலாம் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

மூன்றாவதாக, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவோர்க்கு. அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி என்பவர், 1996இல் ஒரு திட்டம் கண்டார். தொலைக்காட்சியில் திரைப்படப் பாடல் ஒலிக்கும்போது அதே மொழியில் வரிகளையும் காட்ட வேண்டும் என்பதே அது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டின் எழுத்தைக் கண் தானாகவே பின்தொடரும். நாளடைவில் வாசிப்புப் பழகும். முதலில் குஜராத்திப் பாடல்களிலும், பிறகு தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் இது செயற்பட்டது. ஒருவருக்காகச் செய்யும் வசதி பலருக்கும் பயன்படுவதற்கு இது நல்ல சான்று.

இருபதாயிரம் பாடங்கள் மறைந்த கதை

எழுத்துவரி இடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி பாடமாக உள்ளது. கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகம் தன் வகுப்புப் பாடங்களைப் பல ஆண்டுகளாக உலகுக்கு இலவசமாக வழங்கி வந்தது. வாஷிங்டனில் காது கேளாதோர்க்கென 1864இல் நிறுவப்பட்ட காலடெட் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இருவர் சார்பில் காது கேளாதோர் தேசியச் சங்கம் முறையீடு செய்தது. பெர்க்லி பாடங்கள் பலவற்றில் சரியான எழுத்துவரி இல்லை என்பது அவர்கள் குறை. அமெரிக்க நீதித்துறை ஆராய்ந்து, அக்குறை உண்மையே என 2016 ஆகஸ்டில் தெரிவித்தது.

இரு வழிகள் இருந்தன. ஒன்று, எழுத்துவரி இடுவது. மற்றொன்று, பாடங்களையே எடுத்துவிடுவது. செலவு மிகுதி என்று கூறி, 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட பாடங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. எல்லோர்க்கும் கிடைக்கட்டும் என்று கேட்டதற்கு, ஒருவர்க்கும் கிடைக்காமற் போயிற்று!

இதைக் கேட்டு, "முறையீடு செய்ததால் அல்லவா எல்லோருக்கும் இழப்பு?" என்று சிலர் எண்ணலாம். நானும் என் தோழியரும் இதைப் பற்றி வாதிட்டோம். பந்தி நடக்கும் வீட்டில் சிலரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் "எங்களுக்கும் இலை போடுங்கள்" என்று கேட்டவுடன் பந்தியையே நிறுத்திவிட்டால், குற்றம் இலை கேட்டவரையா சாரும்? வாங்கியவர் கேட்டது உணவைத்தான்; பந்தியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இருபதாயிரம் பாடங்கள் சேர்ந்த பிறகு எழுத்துவரி இடத் தொடங்குவது மலையைப் புரட்டுவது போன்றது. முதற் பாடத்தோடு சேர்த்தே செய்திருந்தால் அது நாள்தோறும் செய்யும் சிறு வேலையாக இருந்திருக்கும்.

பின்னர் 2022இல் நீதித்துறைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் உடன்பாடு ஏற்பட்டது. தன் இணையப் பாடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படும்படி செய்யப் பல்கலைக்கழகம் இசைந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீதும் எம்.ஐ.டி.யின் மீதும் 2015இல் அதே சங்கம் தொடுத்த வழக்குகள் முறையே 2019இலும் 2020இலும் சமரசத்தில் முடிந்தன. அவ்விரு நிறுவனங்களும் தம் பாடங்களுக்கு எழுத்துவரி இட ஒப்புக்கொண்டன. ஆகவே, செய்ய முடியாத வேலை அன்று இது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ளவர்க்கு 100க்கு 5 இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது. அதன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விளக்கம், சைகை மொழிபெயர்ப்பு, எழுத்துவரி ஆகியவற்றைத் தர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. குறளில் 'கேள்வி' அதிகாரமும் 42. கேளாதோர்க்குக் கேள்விச்செல்வம் தரும் சட்டப்பிரிவும் 42. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

கல்லூரியில் இடம் கொடுப்பது ஒன்று. பாடம் கொடுப்பது மற்றொன்று. நம் செட்டிநாட்டு வீடுகளில் கதவு அகலத் திறந்திருக்கும். ஆனால் வாசற்படிகள் உயரமாக இருக்கும். முழங்கால் வலியுள்ள ஆச்சிமார் தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறோம். "வாருங்கள்" என்று அழைத்தால் மட்டும் போதுமா? ஏறுவதற்கு வழியும் செய்ய வேண்டும்.

இயந்திரம் எழுதினால் போதாதா?

"இப்போதுதான் இயந்திரமே எழுதுகிறதே, மனிதர் எதற்கு?" என்ற வினா எழும். இயந்திரம் பெரிய உதவிதான். நம் மொழிகளுக்காகவும் பலர் பாடுபடுகின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியை ஹேமா மூர்த்தி, இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கும் ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர். என்.பி.டெல் பாடங்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் பணியிலும் அவர் குழு ஈடுபட்டது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய 'பாஷினி' திட்டமும் இத்துறையைச் சேர்ந்ததே.

ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். இயந்திரம் 100 சொற்களில் 95ஐச் சரியாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் 95 மதிப்பெண் என்றால் பரிசு கிடைக்கும். ஆனால் 9,000 சொற்கள் உள்ள பாடத்தில் 450 பிழைகள் இருக்கும்! 99 சரி என்றாலும் 90 பிழைகள். அப்பிழைகள் எங்கே விழும் என்பதே முக்கியம். 'இது', 'அது', 'ஆகவே' போன்ற எளிய சொற்களில் இயந்திரம் பெரும்பாலும் தவறுவதில்லை. அரிய கலைச்சொல்லிலும், ஆட்பெயரிலும், எண்ணிலும்தான் தடுமாறும். பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நாம் படிக்கும் முக்கோணவியலையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் 'சைன்' என்னும் விகிதமும், ஆங்கிலத்தில் 'குறி' என்று பொருள்படும் சொல்லும் ஒரே ஒலி உடையவை. வட்டத்தின் 'பை'யும் தின்பண்டமான 'பை'யும் அப்படியே. 'பிஃப்டீன்', 'பிஃப்டி' என்பவற்றில் ஓசை சற்று மங்கினால் 15, 50 ஆகிவிடும். 'இல்லை' என்ற ஒரு சொல் விடுபட்டால் விதியே தலைகீழாகும். காது கேட்பவர் தவறான எழுத்தைக் கண்டு சிரித்துவிட்டுப் பேச்சைக் கேட்டுக்கொள்வார். கேளாதவருக்கு அந்த எழுத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவர் அதையே பாடம் என்று நம்பித் தேர்விலும் எழுதுவார். ஆகவே இயந்திரம் எழுதியதை அப்பாடம் அறிந்த ஒருவர் படித்துத் திருத்துவது இன்றியமையாதது.

நாங்கள் செய்து பார்த்தோம்

இவ்வேலை எப்படிப்பட்டது என்று அறிய, எங்கள் வகுப்பில் நாங்கள் ஐவர் சேர்ந்து முயன்றோம். அறிவியல் ஆசிரியையின் அனுமதியுடன், அவர் நடத்திய 'ஓம் விதி' பாடத்தில் எட்டு நிமிடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டோம். கணினி அறையில் அமர்ந்து, ஒருத்தி நிறுத்தி நிறுத்தி ஒலிக்கச் செய்ய, ஒருத்தி எழுத, ஒருத்தி நேரம் குறிக்க, இருவர் பிழை பார்த்தோம். எட்டு நிமிடப் பாடத்திற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த பாடத்தை அதில் பாதி நேரத்தில் முடித்தோம்.

எழுத்துவரிக் கோப்பு மிக எளிமையானது. வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், பிறகு அந்நேரத்தில் தோன்ற வேண்டிய எழுத்து, இவ்வளவே. நோட்பேடில் தட்டச்சு செய்யலாம். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறாதிருக்க யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். செய்யும்போது நாங்கள் கற்றவற்றைக் கீழே தருகிறேன்.

1. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. படித்து முடிக்கப் போதிய நேரம் திரையில் நிற்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆதலால் ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொற்களே ஒரு வரியில் அடங்கும்.

2. வரியை முறிக்கும்போது பொருள் முறியக் கூடாது. 'மின்னழுத்த' என்பது மேல்வரியிலும் 'வேறுபாடு' என்பது அடுத்த திரையிலும் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

3. ஆசிரியை, "இப்ப இந்த ரெசிஸ்டன்ஸ ரெண்டு மடங்காக்குனா கரண்ட் என்னாகும்?" என்று பேசுகிறார். இதை அப்படியே எழுதுவதா, 'மின்தடையை இருமடங்காக்கினால் மின்னோட்டம் என்னவாகும்?' என்று எழுதுவதா? இதில் எங்களுக்குள் பெரும் வாக்குவாதம். பேசியபடியே எழுதுவதுதான் நேர்மை என்றனர் இருவர். பாடநூல் தமிழைப் படித்தே மொழி கற்ற காது கேளாத மாணவிக்கு 'என்னாகும்' புரியுமா என்றனர் மற்றவர். முடிவில், சொற்றொடரை எளிய எழுத்துத் தமிழில் எழுதுவது என்றும், கலைச்சொல்லை முதன்முறை வரும்போது 'மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ்' என்று இரண்டையும் தருவது என்றும் ஒப்புக்கொண்டோம். பாடநூலிலும் வகுப்பிலும் வரும் சொற்கள் ஒன்றே என்பது அதனால் விளங்கும்.

4. கரும்பலகையின் அடிப்பகுதியில் சமன்பாடு இருந்தால் எழுத்துவரி அதை மறைத்துவிடும். அவ்விடத்தில் வரியைத் திரையின் மேற்பகுதிக்கு மாற்ற வேண்டும்.

5. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும். எழுத்துவரியைப் படிக்கும்போது பலகையைப் பார்க்க முடியாது. ஆகவே, "இதைப் பாருங்கள்" என்று சொன்னபின் ஆசிரியர் சற்றே நிறுத்த வேண்டும். இது எழுதுபவர் கையில் இல்லை. கற்பிப்பவர் கையில்தான் உள்ளது. "இதோடு இதைப் பெருக்கினால் இது வரும்" என்பதைவிட "மின்னோட்டத்தோடு மின்தடையைப் பெருக்கினால் மின்னழுத்த வேறுபாடு வரும்" என்று சொல்வது எல்லோர்க்கும் நல்லது. பார்வையற்ற மாணவிக்கும் அப்போதுதான் பாடம் எட்டும்.

நாங்கள் எழுதிய இரண்டு பாடங்களையும் முன்னர்க் கூறிய சகோதரியிடம் காட்டினோம். முழுவதும் படித்துவிட்டு, "கடைசியில் எல்லாரும் சிரிச்சீங்களே, அது எதுக்குன்னு எழுதலையே?" என்று கேட்டார். உடனே அதையும் சேர்த்தோம். பாடம் மட்டுமன்று, வகுப்பின் மகிழ்ச்சியும் அவர் பங்கே அன்றோ?

எழுத்துவரியால் ஆகாதது

எழுத்துவரி எல்லாக் குறையையும் தீர்க்கும் மருந்தன்று. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழியே தாய்மொழி போன்றது. எழுதும் தமிழும் ஆங்கிலமும் முயன்று கற்ற மொழிகள். அவர்களுக்குப் பாடத்தோடு சைகை மொழிபெயர்ப்பும் வேண்டும். இதற்கென 2015இல் புதுதில்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2021இல் அது வெளியிட்ட சைகை அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. 2023 செப்டம்பரில் பெங்களூருவைச் சேர்ந்த சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். வழி செய்து கொடுத்தால் எந்த உயரத்திற்கும் ஏறிவிடுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முடிவுரை

நம் பகுதிக்குக் கல்லூரி வேண்டும் என்று கனவு கண்டவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டினார் பிரதமர் நேரு. அவர் தொடங்கிய கல்விப் பணியின் தொடர்ச்சியாக 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. அக்காலத்தில் கல்வி எட்டாததற்குக் காரணம், கட்டடம் இல்லாமை. இக்காலத்தில் பாடம் கைக்குள்ளேயே இருந்தும் சிலருக்கு எட்டவில்லை. இதற்கு நிலமும் வேண்டா, லட்சங்களும் வேண்டா. பொறுமையும், மொழியறிவும், பிழை பார்க்கும் கண்ணும் போதும்.

தோழியரே, நாம் பேச்சுப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் பேசியும் பாடியும் பதிவு செய்து பிறருக்கு அனுப்புகிறோம். இனி அவற்றுக்கு எழுத்துவரி இடப் பழகுவோம். பாடத்தைப் பதிவு செய்து வெளியிடும் ஆசிரியப் பெருமக்கள் அதன் எழுத்து வடிவத்தையும் உடன் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கல்லூரிக்குச் சென்றபின் நம்மில் சிலர் என்.பி.டெல் போன்ற பாடங்களைத் தமிழில் தரும் பணியில் சேரலாம். இயற்பியல் படித்தவள் இயற்பியலையும், வணிகவியல் படித்தவள் வணிகவியலையும் திருத்தலாம். அதனால் நமக்கும் பாடம் இருமுறை படித்ததாகும்.

கொண்டு விற்கச் சென்ற நம் முன்னோர் எந்தக் கணக்கையும் வாய்மொழியாக விட்டதில்லை. ஏட்டில் எழுதி வைத்தார்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பாடத்தையும் அவ்வாறே எழுதி வைப்போம். எங்கள் பள்ளிச் சகோதரி அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்கிறார். அங்கே எந்தப் பாடத்தைப் பார்த்தும் "இது எனக்கு இல்ல" என்று அவர் சொல்லாதிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.